மாமாவின் சாய்வு நாற்காலி: பிரம்பு பின்னியதும் அதில் சாய்ந்ததும்

என் கணவரின் எடை 78 கிலோ. பொத்தென்று உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். ஒரு நார்கூட விடவில்லை. ஆகவே இனி இதை எழுதலாம்.

வேலை இதுதான்: மாமனாரின் தேக்குச் சாய்வு நாற்காலிக்குப் புதிதாகப் பிரம்பு பின்னுவது, வீட்டில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்குவது, மாலை 6 மணியிலிருந்து 7.30 வரை செல்பேசி இல்லாமல் அதில் சாய்ந்து கிடப்பது. முதல் இரண்டும் கைவேலை. மூன்றாவதையும் கைவேலையாகவே எடுத்துக்கொண்டேன், மனவுறுதியை நம்பவில்லை.

நான் மயிலாடுதுறையில் சிறு வியாபாரிகளுக்கு வரிக்கணக்கு எழுதுகிறவள். மாதா மாதம் 11ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி கெடு, 20ஆம் தேதி இன்னொன்று. ஆண்டுக்கொரு முறை தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30, அதைத் தொட்டு வருமான வரிப் படிவத்துக்கு அக்டோபர் 31. கெடுவை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற பதற்றம் தனி. வாட்ஸ்அப் வந்தபிறகு கடைக்காரர்கள் பில்லைப் படமெடுத்து இரவு 11 மணிக்கு அனுப்புகிறார்கள். நானும் அப்போதே திறந்து பார்க்கிறேன். போன வருடம் ரத்த அழுத்தம் 150/96 என்று காட்டியது. மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, மாலையில் கொஞ்ச நேரம் போனைத் தொடாமல் இருங்கள் என்றார். எங்கே, எதில், எப்படி என்று மருந்துச்சீட்டில் எழுத முடியாதுதான்.

நாற்காலி பரணில் கிடந்தது. உட்காரும் இடமும் முதுகும் ஒரே வளைவாகப் போகும் பழைய வகை. நீண்ட கைப்பலகைகள், அவற்றின் அடியிலிருந்து திருப்பி வெளியே எடுத்துக் காலை நீட்டிக்கொள்ள இரண்டு பலகைகள். மாமா காலமானபிறகு பின்னல் கிழிந்து, அதன்மேல் யாரோ கோரைப்பாயைக் கட்டி, பிறகு அதையும் அவிழ்த்து மேலே ஏற்றிவிட்டார்கள். ஊரில் விசாரித்த இரண்டு இடங்களிலும் பிளாஸ்டிக் வயர்தான் போடுவோம் என்றார்கள். வயரைக் குறை சொல்ல மாட்டேன். மலிவு, கழுவலாம், பத்து வருடம் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் அது முதுகில் ஒட்டும். ஓய்வெடுக்க உட்கார்ந்து, எழும்போது சட்டையைப் பிய்த்துக்கொண்டு எழ எனக்கு விருப்பமில்லை.

முதலில் அளவு. சட்டத்தின் உள் அகலம் 18 அங்குலம். நீளத்தை வளைவின்மேல் தையல் நாடாவை ஓட்டி அளந்தேன்: 44 அங்குலம். நேர்கோட்டில் அளந்தால் சில அங்குலம் குறைவாகக் காட்டும், நார் போதாமல் போகும். சட்டத்தைச் சுற்றி அரை அங்குலத்துக்கு ஒரு துளை. மேலும் கீழும் 36, பக்கத்துக்கு 88.

துளைகளுக்குள் பழைய நாரும் மர ஆப்பும் கல்லாக இறுகியிருந்தன. மேலிருந்து குத்தினால் விளிம்பு சிம்பாகப் பெயர்கிறது. நாற்காலியைக் கவிழ்த்து, அடியிலிருந்து 5 மில்லிமீட்டர் துரப்பண முனையைக் கையாலேயே திருகி எடுத்தேன். மின்துரப்பணம் வேண்டாம், அது துளையை அகலப்படுத்திவிடும். ஒரு பின்காலில் ஊசிமுனை அளவுக்கு வட்ட ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் இருந்தன. உளு, அதாவது மரத்தை அரிக்கும் பூச்சி. மருந்தை ஊசிக்குழலில் எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக ஏற்றி, இரண்டு நாள் கழித்து மெழுகு வைத்து அடைத்தேன்.

மூட்டுகளில் இரண்டு ஆடின. ஒரு கட்டைக்குள் செருகியிருக்கும் மற்றதன் முனையை, அதாவது கழுந்தைக் கழற்றி, பழைய பசையை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. அதைத் துடைக்காமல் பசை போட்டால் ஒரு கோடையோடு விட்டுப்போகும் என்று பக்கத்துத் தெரு ஆசாரி சொன்னார். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு பெவிகால் தடவினேன். பிடிக்கருவி வாங்கவில்லை. நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகித் திருகினால் தேவைக்கு மேலேயே இறுகுகிறது. ஓர் இரவு முழுக்க அப்படியே விட வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு சின்ன வேலை இங்கே உண்டு. சட்டத்தின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் ஆள் உட்காரும்போதெல்லாம் அது நாரை அறுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் நாற்காலியின் பழைய பின்னல் விளிம்பை ஒட்டித்தான் கிழிந்திருந்தது, நடுவில் அல்ல. 120 எண் உப்புத்தாளால் சுற்றிலும் உருட்டிவிட்டேன். வார்னிஷும் பின்னலுக்கு முன்பே அடித்தாக வேண்டும், பின்னர் அடித்தால் நாரில் படும்.

பிரம்பு வாங்கத் தைக்காலுக்குப் போனேன். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், கொள்ளிடத்தை ஒட்டிய ஊர். பிரம்புச் சாமான்களுக்கும் பாய்க்கும் பெயர் போனது. சாலையோரக் கடைகளில் ஊஞ்சல் கூடையும் மோடாவும் தொங்கும். நாற்காலி பின்ன வேண்டியது பிரம்பின் மேல் தோலிலிருந்து உரித்தெடுத்த நார். உள்தண்டு கூடைக்குப் போகும், இதற்கு உதவாது.

கடைப் பெரியவர், "துளை எத்தனை அகலம், துளைக்குத் துளை எவ்வளவு, அதைச் சொல்லுங்கள் அம்மா" என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டரை மில்லிமீட்டர் நாரை எடுத்துப் போட்டார். எவ்வளவு நீளம் என்ற கணக்கை வீட்டிலேயே போட்டிருந்தேன். நீளவாக்கில் இரண்டு அடுக்கு, குறுக்கே இரண்டு அடுக்கு. அடுக்குக்கு 40 மீட்டர் வீதம் 160. மூலைவாட்டில் இரண்டு அடுக்கு, சேர்த்து 115. முடிச்சுக்கும் சேதாரத்துக்கும் கொஞ்சம் கூட்டினால் 300 மீட்டர். ஒரு கிலோ வாங்கினேன், மிச்சமும் வந்தது. விளிம்பை மூட 6 மில்லிமீட்டர் பட்டை நார் தனியாக.

"முதல் அடுக்கை இழுத்துக் கட்டிவிடாதீர்கள். கடைசி அடுக்கு எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும்" என்றும் அவர் சொல்லி அனுப்பினார். கேட்டுக்கொண்டேன். கணக்கு எழுதுகிற கைக்குத் தளர்வாக விடுவது எளிதல்ல, வீட்டுக்கு வந்து இழுத்துத்தான் கட்டினேன்.

நடந்தது இது. வளைந்த சட்டத்தில் நீளவாக்கு நாரை இறுக்கினால் அது வளைவைத் தொடாமல் வில்லின் நாண் போல நேராக அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் குறுக்கு நாரைப் போட்டு அழுத்தினேன். காயும்போது நார் சுருங்கியதில் இரண்டு இழை அறுந்தன. அத்தனையையும் அவிழ்த்து மறுபடி ஊறவைத்தேன். இரண்டாம் முறை நீளவாக்கு நாரை வளைவில் படியும்படி தளரவிட்டேன். குறுக்கு நாருக்கு நேர்த்தூரம்தான், ஆகவே அதைச் சற்று இழுத்துப் போட்டதும் கீழே உள்ளதை அமுக்கி வளைவோடு படியவைத்துவிட்டது. மூன்றாம் அடுக்கு மறுபடி நீளவாக்கில், முதல் இழைக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல். நான்காவது குறுக்கே, இங்கிருந்துதான் ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகப் பின்னல் தொடங்குகிறது.

நாரை ஊறவைப்பது: அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர், ஒரு கரண்டி கிளிசரின், கால் மணி நேரம். நான்கு இழைகளுக்கு மேல் போடுவதில்லை. அதிக நேரம் கிடந்தால் நாரின் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாகிறது. பளபளக்கும் தோல் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். ஒரு துளையில் இறங்கி அடுத்த துளையில் ஏறும்போது புரண்டுகொள்ளும், அங்கேதான் கண் வேண்டும். இழையைத் துளையில் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள ஆப்பு தேவை. மகளின் தேய்ந்துபோன பென்சில்கள் அளவெடுத்தாற்போல் பொருந்தின. ஆப்பு எல்லாம் எடுத்தபிறகு நாரின் முனையை அடியில் பக்கத்து வளையத்துக்குள் இருமுறை விட்டு இழுத்தால் போதும். நனைந்திருக்கும்போதே முடிச்சுப் போட வேண்டும், காய்ந்த நார் முறியும்.

ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டு அடுக்குகள். அழகும் உறுதியும் இவற்றால்தான். ஒரு சாய்வில் போகும் நார் நீளவாக்கு இணைகளுக்கு மேலும் குறுக்கு இணைகளுக்குக் கீழுமாகப் போனால், எதிர்ச்சாய்வில் போவது அப்படியே தலைகீழ். சரியான வழியில் போகும் நார் மூலைகளில் வழுக்கி உட்காரும். தப்பான வழியில் போனால் ஒவ்வொரு சந்திப்பிலும் சுரண்டி நின்று பிசிறு கிளப்பும். கண்ணைவிட விரலுக்கு இது சீக்கிரம் தெரிகிறது. பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவதை நெடுங்காலமாகத் தொழிலாகக் கற்றுக்கொடுப்பதன் நியாயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். எங்கே கரடு தட்டுகிறதோ அங்கே ஒரு சந்திப்பு பிசகியிருக்கும்.

இந்த வேலையைக் கெடுத் தேதிகளுக்கு இடைப்பட்ட மாலைகளில்தான் செய்தேன். கை முழுக்க ஈரம். செல்பேசித் திரை ஈர விரலுக்கு ஒழுங்காகக் கட்டுப்படாது. வரிசையின் நடுவில் எழுந்துபோனால் தொட்டியில் உள்ள நார் வீணாகும், எந்தத் துளையில் விட்டோம் என்பதும் மறந்துபோகும். ஆகவே போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டேன்.

கடைசியாக விளிம்புப் பட்டை. துளைகளை மூடி அதைப் படுக்கவைத்து, ஒன்றுவிட்டு ஒரு துளையில் மெல்லிய நாரால் பிணைத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு நிழலில் இரண்டு நாள் காயவிட்டேன். காய்ந்தபின் விரலால் சுண்டினால் டங்கென்று ஓசை வர வேண்டும். வந்தது.

அடுத்தது இடம். இதற்குப் பின்னலைவிட அதிகம் யோசித்தேன். முன்னறையில் போட்டபோது பக்கத்திலேயே பிளக் இருந்தது. சார்ஜர் வயர் ஒரு மீட்டர்; கைப்பலகை வேறு அகலம். செல்பேசியை வைக்கவென்றே செய்ததுபோல் ஆகிவிட்டது. பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். அங்கே எந்த பிளக்கிலிருந்தும் 3 மீட்டருக்கு மேல். மேற்கு வெயில் 5.30க்குள் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறிவிடும். கிணற்றடித் துணிக்கொடியும் ஒரு முருங்கையும் கண்ணில் படும், அவ்வளவுதான் காட்சி.

பிறகு ஒரு வாரம் என் கையைக் கவனித்தேன். அது செல்பேசியைத் தேடியது பெரும்பாலும் செய்தி பார்க்க அல்ல. மணி பார்க்க. மின்சாரம் போனால் வெளிச்சத்துக்கு. ஏதோ நினைவுக்கு வந்து, மறப்பதற்குள் குறித்துவைக்க. எடுத்தபின்தான் மற்றதெல்லாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பொருள் வைத்தேன். எதிர்ச்சுவரில், குஜராத்தின் மோர்பியில் செய்த சுவர்க்கடிகாரம் ஒன்று, சாய்ந்த நிலையிலேயே முள் தெரியும் உயரத்தில்; உட்கார்ந்து பார்த்துக் குறியிட்டபிறகே ஆணி அடித்தேன், தரையிலிருந்து ஐந்தரை அடி வந்தது. தூணில் ஒரு டார்ச். கைப்பலகையில் நூல் கட்டிய பென்சிலும் நாற்பது பக்க நோட்டும்.

அந்த நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "மளிகைக்கடை, ஜூலை கொள்முதல் பில் இரண்டு குறைகிறது. கேஸ் பதிவு. அத்தைக்குக் கண்சொட்டு. உரக்கடைக்காரர் சொன்ன தொகை 1,18,000ஆ 1,08,000ஆ? தையல்காரரிடம் இரவிக்கை." இதில் 7.30க்குப் பிறகு அன்றே செய்தாக வேண்டியிருந்தது கண்சொட்டு மட்டும். மற்றவை எல்லாம் காலைக்கானவை. ஆனால் எழுதி வைக்காவிட்டால் அத்தனையும் அப்போதே எழுப்பிவிட்டிருக்கும்.

செல்பேசியை முதலில் பழைய மர அஞ்சறைப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். மரப்பெட்டி அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டியது. சமையலறையிலிருந்து அத்தை, "உன் பெட்டி உறுமுகிறது" என்று குரல் கொடுப்பார். இப்போது அது அலுவல் அறையில் சார்ஜில் கிடக்கிறது, தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பில். வீட்டு எண்களும் மகளின் விடுதி எண்ணும் மட்டும் ஒலிக்கும். வேறு யாரானாலும் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். உண்மையான அவசரக்காரர் இரண்டாம் முறை அழைப்பார். வாடிக்கையாளர்களுக்கு அலுவல் வாசலில் ஒரு தாள் ஒட்டினேன்: மாலை 6 முதல் 7.30 வரை பதில் வராது. ஒருவர் கோபித்துக்கொண்டார், 7.35க்கு அழைக்கப் பழகிக்கொண்டார்.

20ஆம் தேதி இந்த ஏற்பாடு செல்லாது. அன்று ஓடிபி எனும் உள்நுழைவு எண் யாருடைய செல்பேசிக்கு வரும், அவர் எப்போது எடுப்பார் என்று காத்திருப்பதே வேலை. அன்றைக்கு நாற்காலியை அத்தைக்கு விட்டுவிடுகிறேன். செப்டம்பர் கடைசி வாரமும் அப்படியே. கெடு நாளில் ஓய்வை வலிந்து திணித்தால் அது இன்னொரு கெடுவாகிவிடுகிறது. ஆறு மணிக்குள் உட்கார்ந்தாக வேண்டுமே என்று ஓடுவதில் என்ன பயன்?

சாய்ந்திருக்கும்போது என்ன செய்கிறேன் என்று கேட்கிறார்கள். முதல் நாட்களில் கை எதையாவது நோண்டிக்கொண்டிருந்தது, பின்னலில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறுகளையெல்லாம் பிய்த்தேன். பிறகு தூங்கினேன். அதுவும் அரை மணிக்கு மேல் போனால் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஆகவே 6.30க்கு அத்தை காபியோடு வருவது என்று ஏற்பாடு. அதற்குமேல் பத்திரிகை, அல்லது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணுவது. ரத்த அழுத்தம் போன முறை 132/84. மாத்திரையும் சாப்பிடுகிறேன், உப்பையும் குறைத்திருக்கிறேன். நாற்காலியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெழுத எந்தப் படிவமும் இல்லை. இரவு 11 மணி பில்களை இப்போது காலையில்தான் திறக்கிறேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

செலவு: நார் 1,600 ரூபாய், விளிம்புப் பட்டை 250, உப்புத்தாள், பசை, வார்னிஷ், தின்னர் சேர்த்து 640, உளு மருந்து 180, கடிகாரம் 350. பஸ் கட்டணம் தனி. கொள்ளிடம் வரை பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து கிடைத்தால் அதுவும் மிச்சம், எனக்குப் பாதி வழிதான் கிடைத்தது.

இன்னொரு நாற்காலி கிடைத்தால் சிலவற்றை மாற்றுவேன். சட்டத்தை மேசைமேல் ஏற்றிவைத்துப் பின்னுவேன். தரையில் குனிந்து பின்னியதில் இடுப்பு வலி ஒரு மாதம் போகவில்லை, ஓய்வுக்கான வேலைக்கு இது அதிகம். மழைக்காலத்தில் தொடங்குவேன். காற்றில் ஈரம் இருக்கும்போது நார் கையில் காய்ந்து முறிவதில்லை. காயவைக்க மட்டும் கூடுதல் நாள் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர். மேல்பக்கத் தோல் நீரைக் குடிக்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். துடைத்து நன்றாகக் காயவிட்டால் தொய்ந்த பின்னல் மறுபடி இறுகும்.

கால் நீட்டும் பலகைகளில் ஒன்று இன்னும் ஆடுகிறது. பழைய பித்தளைத் திருகாணி மழுங்கிவிட்டது. இரண்டு அங்குலத்தில், தட்டைத் தலையுள்ளது வேண்டும். இரும்பு போட்டால் தேக்கில் கறுப்புக் கறை இறங்கும் என்பதால் போடவில்லை. கும்பகோணம் பாத்திரக்கடைத் தெருவில் தேட வேண்டும், அடுத்த 20ஆம் தேதி கழிந்ததும். அதுவரை வலது காலைத்தான் நீட்டிக்கொள்கிறேன்.